பாட்டுக்கு முன்னால் வயர்: பழைய காருக்கு ஒலியும் ஒளியும் போட நினைப்பவர்களுக்கு

சிட்டி கோல்ஃப், டாஸ், கிரெசிடா, நிசான் 1400 பக்கி (பின்னால் திறந்த சரக்குத் தட்டுள்ள சின்ன வண்டி). தென்னாப்பிரிக்காவின் டர்பனில், அதிலும் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், வெருலம் பக்கம், இந்த வண்டிகள் இன்னும் நன்றாகவே ஓடுகின்றன. டாஸ் 2006-லும், 1400 பக்கி 2008-லும், சிட்டி கோல்ஃப் 2009-லும் உற்பத்தி நின்றுவிட்டன. ஆகக் கடைசியாக வந்த வண்டிக்கே பதினைந்து வயது தாண்டிவிட்டது. தாத்தாவோ மாமாவோ ஓட்டிய கார் பேரன் கைக்கு வந்ததும் முதல் ஆசை நல்ல பாட்டு, அடுத்தது உள்ளே கொஞ்சம் வெளிச்சம். நியாயமான ஆசைதான். வாகன மின்வேலை செய்யும் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இதற்காகத்தான் வருகிறார்கள். மீதிப் பேரில் பலர், எங்கோ அவசரமாகப் பொருத்திக்கொண்டு, கருகிய வயரோடும் காலையில் கிளம்ப மறுக்கும் வண்டியோடும் வருகிறவர்கள். இதை எழுதுவது அவர்களை மனதில் வைத்து.

நான் சொல்ல வருவது இதுதான்: பழைய காரில் முதல் பணம் வயருக்கும் ஃபியூஸுக்கும் எர்த்துக்கும் (மின்சாரம் காரின் உடல் வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) போக வேண்டும். மிச்சமிருப்பதில் ஸ்பீக்கர் வாங்குங்கள். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆம்பிலேயே, அதாவது ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரிலேயே, காசு தீர்ந்துவிட, கடைசியில் கிடைத்த வயரை இழுத்துக் கட்டுகிறார்கள்.

அந்தக் காலத்துக் காருக்கு மின்சாரம் எவ்வளவு தேவைப்பட்டது என்று கொஞ்சம் யோசியுங்கள். இரண்டு ஹெட்லைட், வைப்பர், காற்றாடி, பின் கண்ணாடிச் சூடேற்றி, ஒரு கேசட் ரேடியோ. அதற்கு ஏற்றபடி என்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரில், 45 முதல் 65 ஆம்பியர் தரும் சின்னதைத்தான் பல சிறு கார்களில் வைத்தார்கள். மழை இரவில் ஹெட்லைட்டுக்கு 9 ஆம்பியர், சூடேற்றிக்குப் பத்துக்கு மேல், காற்றாடிக்கும் வைப்பருக்கும் இன்னொரு பத்துப் பதினைந்து என்று போனால் கையில் மிஞ்சுவது குறைவு. சிக்னலில் நிற்கும்போது என்ஜின் மெதுவாகச் சுழலும். அப்போது ஆல்டர்னேட்டர் தன் முழு அளவையும் தராது.

இப்போது ஆம்பைப் பாருங்கள். உண்மையான 500 வாட் தரும் ‘டி’ வகை ஆம்ப் ஏறக்குறைய 80 சதவீதத் திறனில் வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போக வேண்டியது 625 வாட். 13.8 வோல்ட்டால் வகுத்தால் 45 ஆம்பியர். பாட்டு முழுவதும் இந்த உச்சத்தில் ஓடாது, சராசரி அதில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் கீழோ இருக்கும். ஆனாலும் ஒவ்வொரு பேஸ் அடிக்கும் ஹெட்லைட் மங்கி எரிகிறதே, அதற்குக் காரணம் இதுதான். பற்றாக்குறையை பேட்டரி ஈடுகட்டுகிறது.

“அண்ணா, ஒரு கேப்பாசிட்டர் போட்டா சரியாயிடுமா?” என்று கேட்காத தம்பி இல்லை. கொஞ்சம் மின்சாரத்தைச் சேர்த்து வைத்துச் சட்டென்று விடும் உருளை அது. ஒரு ஃபாரட் கேப்பாசிட்டர் 14 வோல்ட்டிலிருந்து 12-க்கு இறங்கும்போது வெளியே விடும் ஆற்றல் சுமார் 26 ஜூல். 500 வாட்டுக்கு அது ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் தாங்கும். அது மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. வாங்கியதைத்தான் திருப்பித் தருகிறது. அந்தக் காசை பேட்டரியிலிருந்து காரின் பாடிக்கும், என்ஜினிலிருந்து பாடிக்கும் போகும் பழைய எர்த் வயர்களை மாற்றச் செலவிடுங்கள். பல வண்டிகளில் விளக்கு மங்குவது அதிலேயே பாதி குறைந்து நான் பார்த்திருக்கிறேன்.

பெட்டியின் மேல் ‘2000 வாட்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். ஆம்பின் பின்னால் இருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றுதான் இருக்கிறதென்றால் அது உள்ளே இழுப்பதே ஏறக்குறைய 414 வாட். பழைய ‘ஏபி’ வகையானால் அதில் அறுபது சதவீதம்தான் ஸ்பீக்கருக்குப் போகும், அதாவது 250 வாட். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: வாட்டை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபெல்தான் ஏறும், காதுக்கு அது சின்ன வித்தியாசம். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். அதனால் சிட்டி கோல்ஃப் மாதிரிச் சின்னக் காரில் நல்ல முன் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, சேனலுக்கு 50 வாட் அளவில் ஒரு நாலு சேனல் ஆம்ப், 20 லிட்டர் அளவு மூடிய பெட்டியில் ஒரு 10 அங்குல சப்வூஃபர் (பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) போதும். அந்தச் சின்ன அறையில் இதுவே நெஞ்சுக்குள் கேட்கும். டர்பன் டாக்ஸிகளில் க்கோம் என்ற, பேஸ் நிறைந்த நடன இசை அதிர்வதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இது குறைவாகத் தெரியலாம். ஒரு தடவை வந்து உட்கார்ந்து கேளுங்கள் என்றுதான் அவர்களிடம் சொல்வேன். காதும் உங்களுடையதுதானே. 85 டெசிபெல் என்றால் எட்டு மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் கால் மணி நேரம்தான்.

சரி, வயருக்கு வருவோம். கடையில் மலிவாகக் கிடைக்கும் ஆம்ப் கிட்டுகளில் பல, செம்பு முலாம் பூசிய அலுமினியம். வெளியே பார்த்தால் தெரியாது. ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம். அதே தடிமனில் அது செம்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாகத்தான் மின்சாரம் கடத்தும். எங்கள் கடற்கரைக் காற்றில் இணைப்புகள் சீக்கிரம் அரித்தும் போகும். பேட்டரியிலிருந்து பூட் (பின்பக்க டிக்கி) வரை 5 மீட்டர் என்று வைத்தால், 8 சதுர மி.மீ. செம்பு வயரில் 45 ஆம்பியருக்கு அரை வோல்ட் போகும். அலுமினியத்தில் முக்கால் வோல்ட். 21 சதுர மி.மீ. செம்பில் 0.2 வோல்ட்டுக்கும் கீழே. தொலைந்த வோல்ட் எங்கே போகிறது? வயரைச் சூடாக்குகிறது, வேறெங்கும் இல்லை.

ஃபியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. இது புரிந்தால் அதை எங்கே வைப்பது என்பதும் புரியும்: பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள். பூட்டில் ஆம்புக்குப் பக்கத்தில் மட்டும் ஃபியூஸ் வைத்தால் நடுவில் ஓடும் ஐந்து மீட்டரும் காவலில்லாத வயர். மெரெபேங்கிலிருந்து வந்த ஒரு கிரெசிடாவில் அப்படித்தான் செய்திருந்தார்கள். என்ஜின் அறைக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவே இருக்கும் தகட்டில் ஓட்டை போட்டு, ரப்பர் வளையம் இல்லாமலே வயரை நுழைத்திருந்தார்கள். தகட்டின் விளிம்பு மாதக்கணக்கில் உரசி உறையை அறுத்துவிட்டது. ஒரு நாள் தொட்டது. கார் பேட்டரி ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். தரைவிரிப்பு எரிந்து, ஓட்டுநர் பக்கம் வயரிங் முழுவதும் உருகியது. அம்மாவும் பிள்ளையும் வண்டியில் இருந்தார்கள். கதவைத் திறந்து தப்பிவிட்டார்கள். ஃபியூஸும் ரப்பர் வளையமும் சேர்ந்து ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுகூட ஆகாது. இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது.

எர்த்தையும் அப்படியே கவனியுங்கள். பெயிண்டைச் சுரண்டி, பளிச்சென்று இரும்பு தெரிய வைத்து, பவர் வயர் அளவு தடிமனில், அரை மீட்டருக்குள் முடித்து, மேலே துரு பிடிக்காமல் கிரீஸ் தடவ வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் கட்டாதீர்கள். அது உயிருக்கான போல்ட், அதைக் கழற்றவே கூடாது. என்ஜின் வேகத்துக்கு ஏற்ப ஸ்பீக்கரில் ‘வீ’ என்று ஒரு முனகல் கேட்டால் பெரும்பாலும் எர்த்தில்தான் கோளாறு, அல்லது ரேடியோவிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் சிக்னல் வயரும் பவர் வயரும் ஒரே பக்கமாக ஓடுகின்றன. ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் கொண்டுபோங்கள்.

தென்னாப்பிரிக்காவில் ஓடும் பழைய காருக்குள் கை வைக்கும்போது இன்னொரு ஆபத்தும் உண்டு. திருட்டுக்குப் பயந்து அலாரம், திருடன் என்ஜினைக் கிளப்ப முடியாமல் தடுக்கும் இம்மொபிலைசர், வண்டி எங்கே என்று காட்டும் டிராக்கர் என்று ஒவ்வொரு உரிமையாளரும் ஒவ்வொன்றாகச் சேர்த்திருப்பார்கள். டாஷ்போர்டுக்குக் கீழே ஒரே நிறத்தில் பல வயர், எல்லாமே கறுப்பு டேப்பில். கையில் கிடைத்த வயரில் கிளிப்பை மாட்டி ரேடியோவுக்கு மின்சாரம் எடுத்தால் அது இம்மொபிலைசரின் வயராக இருக்கலாம். வண்டி நெடுஞ்சாலையில் திடீரென்று நிற்கும். வயரைக் கடித்துப் பிடிக்கும் அந்த நீலக் கிளிப்பை நான் எந்தக் காரிலும் போடுவதில்லை. மீட்டர் வைத்துப் பார்த்து, சால்டர் செய்தோ நல்ல கிரிம்ப் (அழுத்தி இறுக்கும் இணைப்பு) போட்டோ உறையிட்டு மூட வேண்டும். எல்லாவற்றையும்விட நல்லது, பழைய ரேடியோ வயரை வெட்டாமல் அதற்கான சாக்கெட்டை வாங்கி இணைப்பது. சில ஐரோப்பிய கார்களில் எப்போதும் மின்சாரம் இருக்கும் வயரும் சாவி திருகினால் வரும் வயரும் இடம் மாறியிருக்கும். மாட்டியபின் ரேடியோ ஒவ்வொரு முறையும் நிலையங்களை மறந்தால் அதைப் பாருங்கள்.

அப்புறம் விளக்கு. லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டுக் காலத்தில் வீட்டுக்கு வாங்கிய எல்.இ.டி. பட்டை ஒரு சுருள் பல வீடுகளில் மிச்சமிருக்கிறது. அதுவும் 12 வோல்ட்தானே என்று காருக்குள் ஒட்டிவிடுகிறார்கள். கார் ஓடும்போது இருப்பது 14 வோல்ட்டுக்கு மேல். அந்தப் பட்டையில் மூன்று எல்.இ.டி.க்கு ஒரு மின்தடை என்ற கணக்கில்தான் கட்டியிருப்பார்கள், வோல்ட் 14.4 ஆனால் வெள்ளை, நீலப் பட்டைகளில் ஓடும் மின்சாரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். டர்பன் வெயிலில் நின்ற காரில் அந்தச் சூடும் சேர்ந்தால் பட்டை பழுத்து உதிரும். 12 வோல்ட்டில் நிலைநிறுத்தும் சின்ன கன்வெர்ட்டர் ஒன்று போடுங்கள். மீட்டருக்கு 60 எல்.இ.டி. உள்ள பட்டை 5 மீட்டர் என்றால் 72 வாட் வரை, அதாவது 6 ஆம்பியர் வரை இழுக்கலாம். அதைச் சிகரெட் லைட்டரின் மெல்லிய வயரில் மற்றவற்றோடு சேர்க்காதீர்கள், தனி ஃபியூஸ் வையுங்கள்.

மீட்டர் பலகையின் பல்புகளை எல்.இ.டி.யாக மாற்றும்போது ஒன்றை மட்டும் தொடாதீர்கள்: பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு. பல பழைய கார்களில் அந்தப் பல்பு வழியாகப் போகும் சின்ன மின்சாரம்தான் ஆல்டர்னேட்டரை எழுப்புகிறது. எல்.இ.டி. அதற்குப் போதுமான மின்சாரத்தை விடாது. ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யாமலே இருக்கும். புது பேட்டரியும் புது ஆல்டர்னேட்டரும் வாங்கிய பிறகு கடைசியில் இந்தப் பல்பில் வந்து நிற்பவர்கள் உண்டு.

இரவில் ஓட்டும்போது உள்ளே எரியும் எந்த வெளிச்சமும் முன்கண்ணாடியில் விழும். வெள்ளையும் நீலமும் அதிகம் கண்ணைக் கூசச் செய்யும். இருட்டில் நடந்துவரும் ஆள் தெரியாமல் போவார். மங்கலான சிவப்போ ஆம்பர் நிறமோ கால் வைக்கும் இடத்தில் மட்டும், மங்கச் செய்யும் சுவிட்சோடு இருந்தால் போதும். மற்ற உள்விளக்குகள் கதவு மூடியதும் அணைய வேண்டும். வெளியே தெரியும்படி நீல விளக்கு போடவே வேண்டாம், அது காவல்துறை, போக்குவரத்து அதிகாரிகள் போன்றோரின் வண்டிகளுக்கு உரியது. சாதாரண வண்டியின் முன்பக்கம் சிவப்பு ஒளி தெரிவதும் சட்டப்படி தவறு. வண்டியை விற்கும்போது, அது சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் ரோட்வர்த்தி சோதனையில் இதெல்லாம் வெளியே வரும்.

கதவுக்குள் ஒலி அடக்கும் ஷீட் ஒட்டுவது நல்ல வேலை, நானே பரிந்துரைப்பேன். ஆனால் கூரைக்கு ஒட்டும் தார் ஷீட்டை ஒட்டாதீர்கள். ஜனவரி வெயிலில் அது இளகி, வண்டி முழுக்கத் தார் நாறும். பியூட்டைல் ரப்பர் ஷீட் வாங்குங்கள். கதவின் அடிப்பக்கம் உள்ள தண்ணீர் வடியும் துளைகளை மூடாதீர்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் விரிப்பைக் கிழித்தெறியாமல் திரும்ப ஒட்டுங்கள். அதை விட்டால் ஸ்பீக்கரும் நனையும், கதவும் உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

இன்ஷூரன்ஸ் வைத்திருப்பவர்கள் மாற்றம் செய்த பிறகு கம்பெனிக்குத் தெரியப்படுத்துங்கள். வண்டியோடு வராத ஒலிச்சாதனங்களைத் தனியாகக் குறிப்பிடாவிட்டால் பல பாலிசிகள் அவற்றுக்குப் பணம் தராது. செட்டின் முகப்பைக் கழற்றி எடுத்துச் செல்லுங்கள். வெளியிலிருந்து தெரியும்படி எதையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

பொருத்தி முடித்ததும் கடையை விட்டுக் கிளம்பும் முன் ஒரு சோதனை கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளை மூடி, பேட்டரியின் நெகட்டிவில் ஆம்பியர் மீட்டர் வைத்து அரை மணி நேரம் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அரை ஆம்பியர் காட்டினால், 45 ஆம்பியர்-மணி பேட்டரி நாலு நாளில் காலி. வயதான பேட்டரியானால் அதற்கு முன்பே வண்டி கிளம்பாது. அப்படிக் காட்டினால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். எந்த வயர் இழுக்கிறது என்று ஒவ்வொரு ஃபியூஸாகக் கழற்றிக் கண்டுபிடிப்பது பொருத்தியவரின் வேலை.