ஏரிவழி வெண்பனி: ‘லேக் எஃபெக்ட் ஸ்னோ’வுக்கு எது சரியான சொல்?

குளிர்காற்று பெரிய ஏரியைக் கடந்து அக்கரையில் கொட்டும் ‘லேக் எஃபெக்ட் ஸ்னோ’வை ‘ஏரி விளைவுப் பனிப்பொழிவு’ என்று எழுதுகிறார்கள். பிழையில்லை, ஆனால் விளங்காது. ஏரி உறைவதால் கொட்டும் பனி என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். நடப்பது நேர்மாறு: ஏரி உறையாமல், காற்றைவிட வெதுவெதுப்பாக இருந்தால்தான் இந்தப் பனியே உண்டு.

கனடாவின் வடக்கிலிருந்து இறங்கும் வறண்ட குளிர்காற்று, கனடா-அமெரிக்க எல்லையிலுள்ள பேரேரிகளின் (‘கிரேட் லேக்ஸ்’) மேல் ஓடும்போது அடியில் சூடேறி, ஈரத்தை வாங்கிக்கொண்டு மேலெழுகிறது. மேகம் திரண்டு அக்கரையில் கொட்டுகிறது. நீரின் மேற்பரப்புக்கும் சுமார் 1.5 கி.மீ. உயரக் காற்றுக்கும் குறைந்தது 13 டிகிரி செல்சியஸ் வேறுபாடு வேண்டும். நீர் 8 டிகிரி, மேலே மைனஸ் 10 என்றால் வேறுபாடு 18, தாராளம்.

அது மட்டும் போதாது, காற்று நீர்மேல் நெடுந்தூரம் ஓடவும் வேண்டும். பேரேரிகளில் ஒன்றான ஈரி ஏரி (சொல்லும்போதே நாக்கு புரளும்) தென்மேற்கிலிருந்து வடகிழக்காக சுமார் 390 கி.மீ. நீண்டு கிடக்கிறது. காற்றும் அதே வாட்டத்தில் வீசினால் மேகமெல்லாம் ஒரே பட்டையாகி, கிழக்குக் கோடியிலுள்ள அமெரிக்க நகரமான பஃபலோ பக்கம் இறங்கும். 2022 நவம்பரில் பஃபலோவை ஒட்டிய ஆர்ச்சர்ட் பார்க்கில் சில நாளில் சுமார் 80 அங்குலம் கொட்டியது இப்படித்தான். பட்டை குறுகலானது, திசை சில பாகை பிசகினால் அடுத்த ஊருக்குப் போய்விடும். முன்னறிவிப்பு தவறுவதும் பெரும்பாலும் இதனால்தான். கனடாவில் டொரண்டோவின் ஸ்காபரோவில் வெயில் அடிக்கும்போதே, ஹூரன் ஏரியின் ஜோர்ஜியன் குடாவைக் கடந்துவரும் காற்று கொட்டும் பனியால், வடக்கே பேரி நகரருகே 400ஆம் நெடுஞ்சாலையில் முன்னால் போகும் வண்டி மறைந்துவிடும்.

ஈரியின் சராசரி ஆழம் 19 மீட்டர்தான். உறைந்து மூடிவிட்டால் ஈரம் கிடைக்காமல் பனியும் அடங்கும். 86 மீட்டர் சராசரி ஆழமுள்ள ஒன்டாரியோ ஏரி முழுதாக உறைவது அரிது. அதன் கிழக்கே டக் ஹில் மேட்டில் குளிர்காலம் முழுக்கக் கொட்டும்.

இனி சொற்கள். நம் ‘பனி’ ஸ்னோவுக்கென்று பிறந்ததல்ல. புல்நுனித் துளியும் மார்கழி மூட்டமும் குளிரும் பனிதான், கண்கூடப் பனிக்கும். ஆகவே ஸ்னோவுக்கு ‘வெண்பனி’ என்பதே ஐயமற்றது. வடதுருவப் பகுதிக்கான ‘ஆர்க்டிக்’ என்ற பெயர் கிரேக்கத்தில் கரடியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. வடவானில் தெரியும் பெருங்கரடி விண்மீன் கூட்டம்தான் அந்தக் கரடி. அங்கிருந்து குளிர்காற்று திடீரெனத் தெற்கே பாயும் ‘ஆர்க்டிக் அவுட்பிரேக்’கைக் ‘குளிர் வெடிப்பு’ என்று பெயர்ப்பது கொடுமை. வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றுக்கு ‘வாடை’ என்று நம்மிடம் சொல் இருக்கிறதே. ‘துருவ வாடை’ எனலாம்.

லேக் எஃபெக்டுக்கு என் தேர்வு ‘ஏரிவழி வெண்பனி’. காற்று ஏரியின் வழியே வந்து ஈரம் கொண்டதைச் சொல்லே காட்டிவிடுகிறது. சைபீரியக் காற்று ஜப்பான் கடலைக் கடந்து நீகாட்டாவில் கொட்டுவதும் இதே கதைதான். அங்கே அது ‘கடல்வழி வெண்பனி’.