ஏவூர்தி: கணையா, வண்டியா?

ஸ்ரீஹரிகோட்டாவில் ஏதாவது கிளம்பினால் போதும், மறுநாள் ஒரே செய்திக்குள் மூன்று பெயர்கள் வந்துவிடும். தலைப்பில் ராக்கெட், முதல் பத்தியில் ஏவுகணை, கீழே இஸ்ரோவின் அறிக்கையை எடுத்தாளும் இடத்தில் ஏவு வாகனம். வாசகர் மூன்றையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறார். ஆனால் இவற்றில் ஒன்று தப்பு, ஒன்று சுமார், ஒன்று வெறும் உருவப் பெயர். பொருத்தமான நான்காவது சொல் ஏவூர்தி.

உருவப் பெயர் ராக்கெட்தான். நூல் நூற்கும்போது பஞ்சைச் சுற்றி வைத்துக்கொள்ளும் கோலுக்கு இத்தாலிய மொழியில் ‘ரொக்கா’ என்று பெயர். சிறிய ரொக்கா, ‘ரொக்கெட்டோ’. குச்சியின் தலைமாட்டில் வெடிமருந்துக் குழாயைக் கட்டிய வாணம் பார்வைக்கு அந்தக் கோல் மாதிரி இருந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு ஆங்கிலம், ஜெர்மன், ரஷ்யன் என்று ஐரோப்பா முழுக்கப் பரவியது. அது எப்படிப் பறக்கிறது, எதற்குப் பறக்கிறது என்பதைப் பற்றி இந்தச் சொல்லில் ஒன்றுமே இல்லை.

தமிழில் பழைய சொல் வாணம். வாணவேடிக்கை, ஆகாசவாணம் எல்லாம் அந்த வழி வந்தவை. இது அம்பைக் குறிக்கும் ‘பாணம்’ என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். சீனர்களும் இன்றுவரை ராக்கெட்டைத் தீயம்பு என்ற பொருள் தரும் சொல்லால்தான் அழைக்கிறார்கள். அம்பு என்று பார்த்ததில் ஆச்சரியமில்லை, முதலில் அது ஆயுதமாகத்தானே இருந்தது! 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஐதர் அலி, திப்பு சுல்தான் படைகள் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை முறியடித்தபோது மைசூர் வாணங்களும் பறந்தன. இரும்புக் குழாயில் மருந்தைக் கெட்டித்து மூங்கிலில் கட்டியவை அவை. காகிதக் குழாயை விட இரும்பு அதிக அழுத்தத்தைத் தாங்கும், அதனால் தூரமும் கூடும். அவற்றைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் வில்லியம் காங்கிரீவ் தன் ராக்கெட்டுகளை உருவாக்கினார். அமெரிக்காவின் வாலப்ஸ் தீவுக்குப் பயிற்சிக்குப் போன அப்துல் கலாம், அங்கே நாசா கட்டடத்தில் மைசூர் வாணங்கள் பாயும் போர்க்கள ஓவியம் மாட்டியிருந்ததைக் கண்டதாக எழுதியிருக்கிறார்.

ஏவுகணை இந்த அம்பு வழியில் வந்த நல்ல சொல். கணை என்றாலே அம்பு. இலக்கைத் தாக்கி அழிக்கவும் தானும் அழியவும் விடப்படும் அக்னி, பிருத்வி போன்றவற்றுக்கு அது கச்சிதம். செயற்கைக்கோளைச் சுமந்து போகும் பி.எஸ்.எல்.வி.யை ஏவுகணை என்பதுதான் தப்பு. ஈழத்துப் போர்ச் செய்திகளில் பழகிய உந்துகணையும் ஆயுதத்துக்கே பொருந்தும்.

சரி, ஏவூர்தி? ஏவு, ஊர்தி என்ற இரண்டு சொற்கள். ஏவு என்றால் செலுத்து, கட்டளையிடு. பள்ளி இலக்கணத்தில் படித்த ஏவல் வினையில் இருப்பதும் இதுவே. ‘ஏ’ என்ற ஒற்றை எழுத்துக்கே அம்பு என்று பொருள் உண்டு என்பதால் இங்கும் அம்பின் வாடை கொஞ்சம் அடிக்கும். ஊர்தி வேறு குடும்பம். ஊர்தல் என்பது நகர்தல் மட்டுமல்ல, ஏறிச் செல்லுதலும்தான். ‘சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான்’ என்று குறளில் வருகிறவன் பல்லக்கில் உட்கார்ந்து போகிறவன். ஆக, ஊர்தி என்றால் அதில் ஏறிப் போக ஒருவர் இருக்கிறார், அல்லது இருக்கலாம்.

இரண்டும் சேரும்போது ஏவூர்தி ஆகும். ‘ஏவுவூர்தி’ என்று சிலர் எழுதுகிறார்கள். முற்றியலுகரமும் சில இடங்களில் குற்றியலுகரம் போலவே கெடும் என்று நன்னூல் இடம் தருகிறது, ஆகவே உகரத்தைத் தள்ளிச் சுருக்கமாக எழுதலாம். ஏவு வாகனமும் பொருளில் சரிதான், சொல்லத்தான் கொஞ்சம் நீளம்.

இங்கே யாராவது புறநானூற்றை எடுத்து நீட்டுவார்கள். ‘வலவன் ஏவா வான ஊர்தி’, உறையூர் முதுகண்ணன் சாத்தனாரின் அடி. ஓட்டுநர் செலுத்தாமல் தானே செல்லும் வான ஊர்தியைப் புகழுடையோர் அடைவர் என்கிறது பாட்டு. சங்க காலத்தில் ராக்கெட் இருந்தது என்பதற்கு இது சான்றே அல்ல, அது சொர்க்கத்துக்குப் போகும் வண்டி. சொல்லாய்வுக்கு உதவுவது வேறொன்று: ஏவு, ஊர்தி இரண்டையும் வானத்தோடு சேர்த்து எழுதும் பழக்கம் நேற்று வந்ததல்ல.

இப்போது விண்வெளித் துறையில் நடக்கும் பெரிய சண்டையைப் பார்த்தால், அது கணைக்கும் ஊர்திக்கும் நடக்கும் சண்டையாகவே எனக்குத் தெரிகிறது. ஒருமுறை எய்து தொலைப்பது கணை, திரும்பி வந்து மறுபடி கிளம்புவது ஊர்தி. மனிதரை நிலவுக்கும் அதற்கு அப்பாலும் அனுப்பப் பணம் யார் தருவது, எந்த வண்டிக்குத் தருவது? 1960களின் நடுவில் அமெரிக்க அரசு தன் செலவில் 4 சதவீதத்துக்கும் மேல் நாசாவுக்குக் கொடுத்தது. இன்று அது அரை சதவீதம்கூட இல்லை. அந்தக் காலத்துக் கையிருப்பில் மனிதரை நிலவுக்குக் கொண்டுபோன சாட்டர்ன் 5 போன்ற கணைகளை எய்துகொண்டே இருக்க முடிந்தது. இப்போது கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மறுபடி நிலவுக்கு ஆளை அனுப்ப நாசா செய்த எஸ்.எல்.எஸ். ராக்கெட் இன்னும் கணைதான். 2022 நவம்பரில் நாசாவின் நிலவுத் திட்டமான ஆர்ட்டெமிஸின் முதல் பயணத்துக்கு அதன் அடியில் பொருத்திய நான்கு எஞ்சின்களும் விண்வெளி ஓடங்களில் (ஸ்பேஸ் ஷட்டில்) ஏற்கெனவே பலமுறை பறந்து திரும்பியவை. திரும்பி வரவென்றே செய்த அந்த எஞ்சின்கள் இந்தமுறை எட்டு நிமிடம் எரிந்துவிட்டுக் கடலில் விழுந்தன. எஸ்.எல்.எஸ்., வீரர்கள் அமரும் ஓரியன் கலம், தரைச் செலவு எல்லாம் சேர்த்து முதல் நான்கு பயணங்களுக்குத் தலா 410 கோடி டாலர் ஆகும் என்று நாசாவின் சொந்தத் தணிக்கையாளரே 2022இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார்.

எதிர்முனையில் ஸ்பேஸ்எக்ஸ் என்ற தனியார் நிறுவனம். 2015 டிசம்பரில் அதன் ஃபால்கன் 9 ராக்கெட்டின் முதல் அடுக்கு, அதாவது கிளம்பும்போது எரியும் அடிப்பகுதி, தரையில் வந்து நின்றது. 2017 மார்ச்சில் ஏற்கெனவே பறந்த அடுக்கு ஒன்றை மீண்டும் பறக்கவிட்டார்கள். 2024 அக்டோபரில் அவர்களின் பெரிய ராக்கெட்டான ஸ்டார்ஷிப்பின் அடி அடுக்கைக் கோபுரத்தின் இரு கைகளால் அந்தரத்திலேயே பிடித்தார்கள். இருந்தாலும் ஃபால்கன் 9 முழு ஊர்தி ஆகிவிடவில்லை, அதன் மேலடுக்கு ஒவ்வொரு முறையும் தொலைகிறது. இறங்குவதற்கென்று எரிபொருளை மிச்சம் பிடிப்பதால் தூக்கும் சுமையும் குறைகிறது.

திரும்பி வந்தாலே மலிவு என்று நம்புகிறவர்களுக்கு விண்வெளி ஓடத்தின் கதையைச் சொல்ல வேண்டும். 1981 முதல் 2011 வரை 135 பயணங்கள். வாரம் ஒன்று பறக்கும் என்று கணக்குக் காட்டித்தான் தொடங்கினார்கள். அதிகபட்சம் 1985இல் ஒன்பது. ஒவ்வொரு முறை திரும்பியதும் 20,000க்கும் மேற்பட்ட வெப்ப ஓடுகளைப் பரிசோதித்து, கெட்டதை மாற்றி, எஞ்சினைக் கழற்றி மாட்டி... மிச்சம் பிடித்ததெல்லாம் பட்டறைக்கே போய்ச் சேர்ந்தது. இரண்டு ஓடங்களும் 14 உயிர்களும் பறிபோயின. ஊர்தி என்ற பெயருக்குத் தகுதி திரும்பி வருவதில் மட்டும் இல்லை, அதிக வேலை வைக்காமல் மறுபடி கிளம்புவதிலும் இருக்கிறது.

இந்தியாவிலும் இதே கேள்விதான், தொகை மட்டும் சிறியது. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை, மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் மொத்த ஒதுக்கீட்டை 20,193 கோடி ரூபாயாக உயர்த்தியது. அதே நாளில் அடுத்த தலைமுறை ஏவூர்திக்கு 8,240 கோடி ஒதுக்கியது. ககன்யானைத் தூக்கப்போவது இஸ்ரோவின் எல்.வி.எம்.3 ஏவூர்தி. மனிதர் ஏறுவதற்கேற்ப அதன் கிரையோஜெனிக் (கடுங்குளிர் எரிபொருளில் இயங்கும்) எஞ்சினைத் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் திரும்பத் திரும்ப எரித்துப் பார்த்திருக்கிறார்கள். அது ஒருமுறை மட்டும் பறக்கும் வகை. புதியதன் முதல் அடுக்கு திரும்பி வரும், எல்.வி.எம்.3ஐப் போல மூன்று மடங்கு சுமையை ஒன்றரை மடங்கு செலவில் தூக்க வேண்டும் என்பது இலக்கு. முதலில் ஆளை அனுப்பிவிட்டு அப்புறம் வண்டியைச் சீர்செய்கிறோம் என்று இதைக் குறை சொல்வோர் உண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை. கையில் நம்பகமான ஏவூர்தி இருக்கும்போது, புதியது வரும்வரை பத்து வருடம் வீரர்களைத் தரையிலேயே உட்கார வைப்பதும் செலவுதான்.

எழுதுகிறவர்களுக்குச் சில பரிந்துரைகள். செயற்கைக்கோளையோ மனிதரையோ சுமப்பது ஏவூர்தி, குண்டைச் சுமப்பது ஏவுகணை. திரும்பப் பயன்படுவதை மீள்பயன் ஏவூர்தி எனலாம், ‘மறுபயன்பாட்டுக்கு உகந்த’ என்று இழுக்க வேண்டாம். அடுக்கு, ஏவுதளம் இரண்டும் ஏற்கெனவே நன்றாக ஓடுகின்றன. பேச்சிலும் தீபாவளிக் கடையிலும் ராக்கெட் ராக்கெட்டாகவே இருக்கட்டும். கிளம்பும்போது உந்தித் தள்ளும் பூஸ்டருக்குத்தான் இன்னும் எல்லோரும் ஒப்பும் சொல் அமையவில்லை. ‘உந்தி’ என்றால் வயிறு நினைவுக்கு வருகிறது, ‘முடுக்கி’ பரவாயில்லை.