பிஎச்சைத் துரத்த வேண்டாம்: மலை வீட்டில் ரீஃப் டேங்க் வைத்திருப்பவர்களுக்கு

போன ஜனவரியில் உதகையில் ஒரு வீட்டிலிருந்து போன் வந்தது. 200 லிட்டர் ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி. உள்ளே ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு இறால், கொஞ்சம் லெதர் பவளம், ஜோவாந்திட், மஷ்ரூம் என்று மென்மையான உடல் கொண்ட பவள வகைகள். "தம்பி, நாலு நாளா எதுவுமே விரியல. தண்ணி கண்ணாடி மாதிரிதான் இருக்கு. நானும் தினம் ராத்திரி மருந்து ஊத்திக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் வீட்டுக்காரர்.

"என்ன மருந்துங்க சார்?"

"பிஎச் ஏத்துற மருந்துதான்."

போய்ப் பார்த்தேன். பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 7.9. ஆல்கலினிட்டி (அமிலத்தைத் தாங்கும் திறன்) 13.4 டிகேஎச்; டிகேஎச் என்பது அதை அளக்கும் டிகிரி. டிசம்பரில் அதே தொட்டிக்கு என் நோட்டில் நான் எழுதி வைத்திருந்த ஆல்கலினிட்டி 8.1. ஹீட்டர் மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து, பம்பின் சத்தமே மாறியிருந்தது. லெதர் பவளம் காய்ந்த காளான் போலச் சுருங்கிக் கிடந்தது. மருந்து போத்தலில் எழுதியிருந்த அளவைத்தான் அவர் ஊற்றியிருக்கிறார், ஒரு மூடி கூட அதிகமில்லை. அக்கறையோடு செய்த வேலைதான் தொட்டியைப் படுக்க வைத்துவிட்டது.

நீலகிரியில் பனிக்காலம் முழுக்க இதே கதையை நான் வீடு வீடாகப் பார்க்கிறேன். அதனால் நடப்பதை விளக்கமாகவே சொல்கிறேன்.

குளிருக்கு ஜன்னலை எல்லாம் மூடிவிடுகிறோம். வீட்டில் நாலைந்து பேர் மூச்சு விடுகிறோம், சமையலறையில் கேஸ் எரிகிறது, சில வீடுகளில் கணப்பும் உண்டு. அறைக்குள் கரியமில வாயு ஏறுகிறது. தொட்டியின் அலையும் ஸ்கிம்மரும் (காற்றுக் குமிழ் விட்டு அழுக்கை நுரையாக எடுக்கும் கருவி) அந்தக் காற்றைத்தான் தண்ணீருக்குள் இழுக்கின்றன. கரியமில வாயு தண்ணீரில் கரைந்தால் கார்பானிக் அமிலம் உண்டாகி பிஎச் இறங்கும். ஆனால் ஆல்கலினிட்டி இதனால் குறைவதில்லை. அது தண்ணீருக்குள் இருக்கும் பைகார்பனேட், கார்பனேட்டின் இருப்பு. பிஎச் ஏற்றும் மருந்தில் பெரும்பாலும் இருப்பதும் அதுவேதான். ஊற்றினதும் பிஎச் கொஞ்சம் ஏறும். அறையில் இருக்கும் வாயு மறுபடி உள்ளே இறங்கி, காலையில் பழைய இடத்துக்கே கொண்டு வந்துவிடும். ஊற்றிய கார்பனேட் மட்டும் வெளியே போவதில்லை. நாளுக்கு ஒரு டிகிரிக்கு மேல் என்று அது ஏறிக்கொண்டே போகும்.

(கணப்பைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துக் குளிர்காயாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடு தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். மலைக்கு வரும் விருந்தினர்களிடமும் மறக்காமல் சொல்லுங்கள்.)

பிஎச் குறைவாகக் காட்டினால் முதலில் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரை வராண்டாவுக்கு எடுத்துப் போய், ஏர் பம்ப் குழாயை விட்டு ஒரு மணி நேரம் குமிழ் விடுங்கள். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு அளந்து பாருங்கள். 8.2 பக்கம் ஏறியிருந்தால் கோளாறு தண்ணீரில் இல்லை, அறைக் காற்றில் இருக்கிறது. அதற்கு மருந்து எதுவும் வேண்டாம். ஸ்கிம்மர் காற்று இழுக்கும் மெல்லிய குழாயை ஜன்னல் இடுக்கு வழியாக வெளியே நீட்டி விடுங்கள், போதும். காற்றழுத்தம் குறைந்த உயரத்தில் வெளிக்காற்றில் கரியமில வாயுவின் அழுத்தமும் சேர்ந்து குறைவதால், இந்த ஒரு விஷயத்தில் மலை நமக்குச் சாதகம்.

உதகை வீட்டில் அதைத்தான் செய்தேன். மருந்தை நிறுத்தினேன். மூன்று நாளுக்கு ஒருமுறை பத்து சதவீதம் தண்ணீர் மாற்றம், அதுவும் கரைத்தால் 8 டிகேஎச் வருகிற உப்பில். ஆல்கலினிட்டி ஒன்பதுக்கு இறங்க ஐந்து வாரம் ஆயிற்று. ஒரே நாளில் இறக்கியிருக்கலாமே என்று அவர் கேட்டார். ஏறியது போலவே இறங்குவதும் அடிதான். ஒரு நாளில் ஒரு டிகிரிக்கு மேல் எந்தப் பக்கமும் நகர விடாதே என்பது நான் வைத்திருக்கும் எல்லை.

சரி, எந்த எண்ணில் வைக்க வேண்டும்? இயற்கைக் கடல்நீரில் ஆல்கலினிட்டி சுமார் 7 டிகேஎச், கால்சியம் 410 பிபிஎம் (பத்து லட்சத்தில் 410 பங்கு) அளவு, மெக்னீசியம் 1,300 பக்கம், உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35. வீட்டுத் தொட்டியில் ஆல்கலினிட்டி 7 முதல் 9.5 வரை, கால்சியம் 400 முதல் 450 வரை எங்கே இருந்தாலும் எனக்குச் சம்மதம். ஏழரையில் அசையாமல் நிற்கும் தொட்டி நன்றாக இருக்கிறது. இந்த வாரம் எட்டு, அடுத்த வாரம் பத்து, அதற்கடுத்த வாரம் எட்டரை என்று ஆடும் தொட்டி, சராசரி எவ்வளவு அழகாக இருந்தாலும் நன்றாக இருப்பதில்லை.

தினம் எதை எவ்வளவு ஊற்றுவது என்று இணையத்தில் பார்க்கும் டோஸிங் அட்டவணைகளில் பெரும்பாலானவை கல் பவளம் நிறைந்த தொட்டிகளுக்காகப் போட்டவை. கல் பவளம் எலும்புக்கூடு கட்ட தினமும் கால்சியத்தையும் கார்பனேட்டையும் இழுக்கும். நம் வீடுகளில் இருப்பது லெதர், ஜோவாந்திட், மஷ்ரூம் போன்றவை. இவை இழுப்பது மிகக் குறைவு. கண்ணாடியில் படரும் ஊதாநிறப் பாசியும் நத்தைகளும் கொஞ்சம் எடுக்கும், அவ்வளவுதான். அந்த அட்டவணையை அப்படியே பின்பற்றினால், சாப்பிடாத குழந்தைக்கு ஊட்டிக்கொண்டே இருப்பது போல ஆகிவிடும்.

உங்கள் தொட்டி எவ்வளவு இழுக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் போதும். அந்த வாரம் எதுவும் ஊற்றாதீர்கள், தண்ணீரும் மாற்றாதீர்கள். முதல் நாளும் எட்டாம் நாளும் ஒரே நேரத்தில், ஒரே கிட்டில், ஒரே கையால் அளந்து பாருங்கள். வாரத்துக்கு அரை டிகிரி, முக்கால் டிகிரி என்றால் வழக்கமான தண்ணீர் மாற்றமே அதை ஈடுகட்டிவிடும். நான் கவனிக்கிற தொட்டிகளில் பெரும்பாலானவை இப்படித்தான் ஓடுகின்றன. டோஸிங் பம்ப் வாங்க வேண்டாம் என்று சொல்லி வியாபாரத்தை நானே விட்ட வீடுகள் உண்டு. அந்த வீடுகளைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

அதற்கு மேல் குறைந்தால்தான் சேர்க்க வேண்டும். ஆல்கலினிட்டிக்கு ஆப்ப சோடாவே போதும். 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் ஒரு டிகேஎச் ஏறும். சமையல் கரண்டி அளவில் போடாதீர்கள், சின்னத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்ஓ தண்ணீரில் கரைத்து, பம்ப் வேகமாக ஓடும் இடத்தில், இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து ஊற்றுங்கள். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அது தொட்டிப் பக்கமே வரக்கூடாது. கால்சியமும் ஆல்கலினிட்டியும் ஒரு கணக்கில் சேர்ந்தே குறையும்: 2.8 டிகேஎச் குறைந்தால் கால்சியம் 20 பிபிஎம் குறைந்திருக்கும். அதனால்தான் கால்சியம் இறங்கியது கிட்டில் சட்டென்று தெரிவதில்லை. ஆல்கலினிட்டிதான் முதலில் காட்டிக்கொடுக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஊற்றினால் வெள்ளையாகத் திரண்டு, இரண்டுமே வீணாகும்.

கோத்தகிரியில் ஒருவர் கால்சியத்துக்கு வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றப் போகிறேன் என்றார். யோசனையின் அடிப்படை சரிதான். ரீஃப் டேங்க் வைத்திருப்பவர்கள் சுண்ணாம்புத் தெளிவு நீரைப் பல காலமாகப் பயன்படுத்துகிறார்கள். கரியமில வாயுவையும் அது பிடித்துக்கொள்வதால் மூடிய வீட்டில் பிஎச்சுக்கும் உதவும். ஆனால் கடையில் வாங்கும் சுண்ணாம்பில் வேறென்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தெளிவு நீரின் பிஎச் 12-க்கு மேல். கலங்கலோடு சேர்த்து ஒரு குவளை ஊற்றினால் அன்றைக்கே மீன் போய்விடும். தூய கால்சியம் ஹைட்ராக்சைடு வாங்கி, தெளிந்த நீரை மட்டும் இரவில் சொட்டுச் சொட்டாக விடத் தெரிந்தவர்கள் செய்யலாம். மற்றவர்களுக்கு வேண்டாம்.

அடுத்தது தண்ணீர். "எங்க ஊத்துத் தண்ணி டிடிஎஸ் 40 தாண்டாது, எதுக்கு ஆர்ஓ?" என்று மலையில் எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நீலகிரித் தண்ணீர் மென்மையானதுதான். ஆனால் டிடிஎஸ் மீட்டர் எவ்வளவு கரைந்திருக்கிறது என்றுதான் சொல்லும், என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது. தேயிலையில் கொப்புள நோய்க்கு மழைக்காலத்தில் செம்பு கலந்த மருந்து அடிக்கிறார்கள். கேரட், உருளைக்கிழங்கு வயலில் போடும் உரத்தின் நைட்ரேட்டும் ஓடைக்கு வருகிறது. இந்தச் செம்பு நமக்கு ஒன்றும் செய்யாத அளவில் இருந்தாலும் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு வீட்டில் கூரை மழைநீரைப் பிடித்து, ஆவியாகிக் குறைந்த அளவுக்குத் தொட்டியில் ஊற்றி டாப்-அப் செய்து வந்தார்கள். ஜூலையில் ஒரே வாரத்தில் இறால்கள் எல்லாம் போயின. மீன்கள் ஒன்றுமே ஆகாதது போல நீந்திக்கொண்டிருந்தன. செம்பு கிட்டை விட்டுப் பார்த்தேன், நிறம் வந்தது. தெளிப்புச் சாரலா, கூரைக் குழாயின் பித்தளை இணைப்பா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எதுவாக இருந்தாலும் ஆர்ஓவும் அதற்குப் பின்னால், மிச்சம் கரைந்திருப்பதையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசினும் வைத்திருந்தால் அது தொட்டிக்குள் வந்திருக்காது.

இங்கே ஆர்ஓ வைப்பதில் இரண்டு விஷயம் உண்டு. குளிர்ந்த நீரில் ஆர்ஓவின் வடிகட்டும் சவ்வான மெம்ப்ரேன் மெதுவாகத்தான் வேலை செய்யும். ஜனவரித் தண்ணீரில் சமவெளியில் வரும் அளவில் ஏறக்குறைய பாதிதான் வரும். மெஷின் கெட்டுவிட்டது என்று மாற்றிவிடாதீர்கள். இன்னொன்று, ஊற்றுநீரிலும் போர்வெல் நீரிலும் கரியமில வாயு அதிகம். அது மெம்ப்ரேனைத் தாண்டிப் போய் ரெசினைச் சீக்கிரம் தின்றுவிடும். ஆர்ஓ நீரை ஒரு இரவு குமிழ் விட்டுக் காற்றாட வைத்து, அப்புறம் ரெசினில் விட்டால் ரெசின் பல மடங்கு நாள் வரும்.

உப்பு மூட்டையை மூடுபனியில் திறந்து வைக்காதீர்கள். ஈரம் இழுத்துக் கட்டியான உப்பு, எடை போடும்போது ஏமாற்றும். காற்றுப் புகாத டப்பாவில் கொட்டி வையுங்கள். கலக்கும் தண்ணீரை 25 டிகிரிக்குச் சூடாக்கிக் கரைத்து, மறுநாள் அளந்த பிறகே தொட்டியில் விடுங்கள். உப்புத்தன்மை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் சரிபார்த்தால் போதாது, உப்புத்தன்மை 35 உள்ள திரவத்திலும் சரிபாருங்கள்.

தொட்டியில் 26 டிகிரி, அறையில் 12 டிகிரி என்றால் தண்ணீர் ஆவியாவது கண்ணுக்கே தெரியும், ஜன்னல் கண்ணாடியெல்லாம் வேர்த்து வழியும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே நிற்கும். 200 லிட்டரில் தினம் 4 லிட்டர் போனால், கோயம்புத்தூர் கல்யாணத்துக்குப் போய் நாலு நாளில் திரும்பும்போது 35 என்பது 38 ஆகியிருக்கும். பதறிப்போய் 16 லிட்டரையும் ஒரே மூச்சில் ஊற்றாதீர்கள். இரண்டு நாளாகப் பிரித்து, வெதுவெதுப்பான ஆர்ஓ நீராக விடுங்கள். செலவு செய்ய ஒரே ஒரு கருவி என்றால் தானியங்கி டாப்-அப்பை வாங்குங்கள்.

பவளம் வாங்குவது பற்றியும் சொல்ல வேண்டும். ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கமிருந்து உயிருள்ள பவளமும் பவளப் பாறையும் கொண்டு வந்து தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். கல் பவளங்கள், கடல் விசிறி, கடல் குதிரை இவை எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைப் பாதுகாப்பில் வந்தவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள திட்டுகள் ஏற்கெனவே வெப்பத்தால் வெளுத்துத் தவிக்கின்றன. அங்கே பெயர்த்த ஒரு துண்டு நம் வரவேற்பறைக்கு வர வேண்டாம். செயற்கைப் பீங்கான் பாறையில் பாக்டீரியா குடியேற சில வாரம் கூடுதலாகப் பிடிக்கும். பொறுத்துக்கொள்ளலாம். கடலிலிருந்து எடுத்த கல் பவளம் இருக்கும் தொட்டியை நான் கவனிக்க ஒப்புக்கொள்வதில்லை.

கடைசியாக, மின்சாரம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய வாரம், நான் கவனித்த ஒரு தொட்டிக்கு மூன்று நாள் கரண்ட் இல்லை. சாலையில் மரம் விழுந்து கிடந்ததால் என்னாலும் போக முடியவில்லை. எல்லாம் போனிலேயே சொன்னதுதான்.

கரண்ட் போனால் மலையில் முதலில் வரும் ஆபத்து குளிர் இல்லை, மூச்சு. உதகை 2,200 மீட்டருக்கு மேல் இருப்பதால் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். 26 டிகிரிக் கடல்நீர் கடற்கரையில் லிட்டருக்கு ஆறரை மில்லிகிராம் ஆக்ஸிஜன் வைத்திருக்கும் என்றால் இங்கே ஐந்துதான். பம்ப் நின்றால் அந்தக் கையிருப்பு வேகமாகக் கரையும். எனவே பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும். இன்வெர்ட்டர் இருந்தால் அலை பம்பை மட்டும் அதில் போடுங்கள். ஹீட்டரைப் போட்டால் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். தொட்டியின் நான்கு பக்கமும் கம்பளி சுற்றி, மேல்பக்கத்தைக் காற்றுக்கு விடுங்கள். தீவனம் போடாதீர்கள். வெப்பம் மெதுவாக 21, 20 வரை இறங்கினாலும் இந்த உயிர்கள் பெரும்பாலும் தாங்குகின்றன.

கரண்ட் வந்ததும் ஹீட்டரை முழு வேகத்தில் விடாமல், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு டிகிரி என்று ஏற்றுங்கள். அன்றும் மறுநாளும் அம்மோனியா பாருங்கள். மூன்றாம் நாள் ஆல்கலினிட்டி அளந்து, பழைய எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.