புரோ போனோ: ‘இலவசம்’ என்று எழுதினால் எது விட்டுப்போகிறது?

மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் ஒரு காலை. மஞ்சள் பையில் பட்டா நகலும் வில்லங்கச் சான்றும் வைத்துக்கொண்டு ஒரு மூதாட்டி நின்றார். அவர் வழக்கை இலவசமாக நடத்தித் தருவதாக ஒரு வழக்கறிஞர் சொன்னார். அந்த அம்மாள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டார்: “இலவசம்னா ஒழுங்கா பாப்பீங்களா வக்கீலய்யா?” வழக்கறிஞர் கோபப்படவில்லை. “பீஸ் வாங்குற கேஸுக்கு எப்படிக் கட்டைத் தூக்கிட்டு அலைவேனோ, அப்படித்தாம்மா இதுக்கும்” என்றார்.

பக்கத்தில் நின்ற எனக்கு அந்தக் கேள்வி மனதிலேயே தங்கிவிட்டது. சட்ட நிறுவனங்கள் ‘புரோ போனோ’ என்று சொல்வதை நாம் ‘இலவச சட்ட உதவி’ என்று எழுதிப் பழகிவிட்டோம். சொல்லே சந்தேகத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது.

லத்தீனில் முழுத்தொடர் ‘புரோ போனோ பப்ளிகோ’. ‘புரோ’ என்றால் பொருட்டு. ‘போனும்’ என்றால் நன்மை. ‘புரோ’வை அடுத்து வரும்போது வேற்றுமை ஏற்று ‘போனோ’ ஆகிறது. ‘பப்ளிகோ’ பொதுவைக் குறிக்கிறது. சேர்த்தால் ‘பொதுநன்மையின் பொருட்டு’. காசைப் பற்றி இதில் ஒரு சொல்கூட இல்லை. ஆங்கிலப் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதியவர்கள் ஒரு காலத்தில் தங்கள் பெயரை மறைத்து இதையே புனைபெயராகப் போட்டார்கள். வழக்கறிஞர்கள் வாயில் கடைசிச் சொல் உதிர்ந்து ‘புரோ போனோ’ மட்டும் நின்றது. ‘பொது’ உதிர்ந்ததும் ‘கட்டணம் வாங்காமல்’ என்ற பொருள் முன்னுக்கு வந்துவிட்டது.

சொல்லின் முழுப்பொருளையும் ஒரே வழக்கில் பார்க்கலாம். 1961இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்ற ஏழை மீது, ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தை உடைத்துத் திருடியதாக வழக்கு. வக்கீல் வைத்துத் தாருங்கள் என்று அவர் கேட்டார். மரண தண்டனைக்குரிய வழக்கானால் மட்டுமே தர முடியும் என்று நீதிமன்றம் மறுத்தது. தனக்குத் தானே வாதாடித் தோற்று, ஐந்தாண்டுச் சிறைக்குப் போனார். சிறைத் தாளில் பென்சிலால் உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதினார். நீதிமன்றம் அவருக்காக நியமித்தது வாஷிங்டனின் பெரிய சட்ட நிறுவனம் ஒன்றின் பங்குதாரரான ஏப் ஃபோர்டாஸை. அவரும் அவருடைய நிறுவனமும் கட்டணம் பெறாமல் உழைத்தார்கள். 1963 மார்ச் 18 அன்று ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது: பெருங்குற்ற வழக்கில் வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு அரசே வக்கீல் தர வேண்டும். மறுவிசாரணையில் கிடியன் விடுதலையானார். பலன் பெற்றவர் அவர் ஒருவர் மட்டுமல்ல, அதே நிலையில் நின்ற அத்தனை பேரும். ‘பப்ளிகோ’வின் பொருள் அதுதான்.

1970இல் வாஷிங்டனின் ஹோகன் அண்ட் ஹார்ட்சன் நிறுவனம் இந்தப் பணிக்கென்றே தனித் துறை தொடங்கியது. அதற்கு வைத்த பெயர் ‘சமூக சேவைத் துறை’. இன்றைக்கு இரண்டையும் பிரித்துப் பார்ப்பது நல்லது. சட்ட நிறுவனத்தார் பள்ளிச் சுவருக்கு வெள்ளையடித்தால், இரத்த தானம் செய்தால், அது சமூக சேவை. அதே பள்ளியின் நிலத் தகராறில் பீஸ் வாங்காமல் ஆஜரானால் புரோ போனோ. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி விதி ஆண்டுக்கு 50 மணி நேரமாவது இதற்குக் கொடுக்கச் சொல்கிறது. கட்சிக்காரர் கொடுக்காமல் போன பீஸை இந்தக் கணக்கில் எழுத முடியாது. வாங்கப்போவதில்லை என்பது முதலிலேயே முடிவாகியிருக்க வேண்டும். (‘சமூக சேவை’க்கு நம் நாட்டில் இன்னொரு பொருளும் சேர்ந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில் அது ஒரு தண்டனை.)

சரி, ‘இலவச சட்ட உதவி’ என்றே விட்டால் என்ன? அந்தப் பெயரில் ஏற்கெனவே வேறொன்று இருக்கிறது. 1976இல் அரசமைப்பில் சேர்ந்த 39ஏ பிரிவும், 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டமும் தருவது அரசின் சட்ட உதவி. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்போர் எல்லாருக்கும் அது உரிமை. மக்களுக்கு அது இலவசம்தான், ஆனால் வக்கீலுக்கு ஆணைக்குழு மதிப்பூதியம் தருகிறது. புரோ போனோவில் யாரும் யாருக்கும் பணம் தருவதில்லை. வக்கீல் தன் நேரத்தைத் தானே கொடுக்கிறார். ‘பொதுநலச் சட்டப்பணி’ என்றால் பொருள் நெருங்கி வருகிறது. ஆனால் கேட்பவர் காதில் ‘பொதுநல வழக்கு’ என்று விழும். அதுவும் வேறு.

நான் எழுதுவது ‘கைம்மாறு கருதாச் சட்டப்பணி’. கைம்மாறு என்றால் பெற்றதற்குத் திருப்பிச் செய்வது. ‘கைம்மாறு வேண்டா கடப்பாடு’ என்று மழையைச் சொல்கிறது 211ஆம் குறள். அது நிற்கும் அதிகாரம் ஒப்புரவறிதல். ஈகை அதற்கு அடுத்த அதிகாரம். இல்லாதவருக்குக் கொடுப்பது ஈகை, ஊரோடு சேர்ந்து வாழ்பவன் ஊருக்குச் செய்ய வேண்டியது ஒப்புரவு. புரோ போனோ ஒப்புரவின் பக்கம் நிற்கிறது. இந்திய வழக்கறிஞர் கழகத்தின் 46ஆம் விதியும், ஏழைக்கும் ஒடுக்கப்பட்டவருக்கும் கட்டணமின்றி உதவுவதை வழக்கறிஞர் சமுதாயத்துக்குச் செய்ய வேண்டிய மிக உயர்ந்த கடமைகளில் ஒன்றாக வைக்கிறது. கடமை என்றாலும் கடப்பாடு என்றாலும் ஒன்றுதான்.

அறிக்கையிலும் நிறுவனத்தின் அறிமுகக் குறிப்பிலும் இப்படி எழுதலாம். நீதிமன்ற வாசலில் இவ்வளவு நீளம் தேவையில்லை. அந்த மூதாட்டியிடம் ‘இலவசம்’ என்ற சொல்லையே எடுக்காமல், “பீஸ் வேண்டாம்மா, கேஸை நான் எடுத்துக்கிறேன்” என்று சொல்லியிருக்கலாம்.