பேஸ் ஷியர்: அடிமட்ட வெட்டுவிசை

நிலநடுக்கத்துக்காக ஒரு கட்டடத்தை வடிவமைக்கும்போது, அது தாங்க வேண்டிய மொத்தப் பக்கவாட்டு விசையைப் பொறியாளர்கள் ‘பேஸ் ஷியர்’ என்பார்கள். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘ஷியர்’ என்பது வெட்டுதலைக் குறித்த பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. கத்தரியின் இரண்டு அலகுகளும் எதிரெதிராக நகர்வதுபோல, தூணின் மேல்பகுதி ஒரு பக்கமும் கீழ்ப்பகுதி மறுபக்கமும் போகப் பார்த்தால் அதுதான் வெட்டுவிசை. பள்ளி இயற்பியலில் வரும் ‘சறுக்குப்பெயர்ச்சி’ உருமாற்றத்துக்குச் சரி, விசைக்கு ஒட்டவில்லை.

‘பேஸ்’தான் தொல்லை. ‘அடித்தள வெட்டுவிசை’ என்றால் அஸ்திவாரத்தில் வந்து மோதும் விசை என்று தோன்றிவிடும். உண்மையில் தரை ஆடும்போது, கூடவே நகர மறுக்கும் ஒவ்வொரு தளத்தின் நிறையிலும் விசை பிறக்கிறது. அவையெல்லாம் கீழே இறங்கித் தரைமட்டத்தில் சேரும் மொத்தம்தான் இது. ஆகவே ‘அடிமட்ட வெட்டுவிசை’ என்பதே என் தேர்வு.

கணக்கு ஐ.எஸ். 1893 என்ற நிலநடுக்க வடிவமைப்புக்கான இந்தியத் தரநிலையில் இருக்கிறது. அதன் 2016 பதிப்பில் சென்னை மூன்றாம் நிலநடுக்க மண்டலம், அதன் அபாய அளவைச் சொல்லும் மண்டல எண் 0.16. அதில் பாதியை, உயரம் குறைந்த கட்டடத்துக்குரிய 2.5ஆல் பெருக்கி, நன்றாக வளைந்து கொடுக்கும்படி கம்பி கட்டிய சட்டகத்துக்கான 5ஆல் வகுத்தால் 0.04. கட்டடத்தின் எடையில் இத்தனை பங்குதான் விசை. சாதாரணக் குடியிருப்புக்கு அவ்வளவுதான். மருத்துவமனை என்றால் இதைப்போல் ஒன்றரை மடங்கு. 600 டன் எடையுள்ள நான்கு மாடி வீட்டுக்கு 24 டன் விசை.

இதை மாடிகளுக்குச் சமமாகப் பிரிப்பதில்லை. தளத்தின் எடையை, தரையிலிருந்து அதன் உயரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அந்த விகிதத்தில் பங்கிட வேண்டும். எடையும் மாடி உயரமும் ஒன்றாக இருந்தால் பங்கு கீழிருந்து 1, 4, 9, 16. அதாவது உச்சித் தளத்துக்கு 12.8 டன், முதல் தளத்துக்கு வெறும் 0.8 டன். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்: அப்படியானால் கீழ்த் தூண்களுக்குக் கவலையில்லையா? நேர்மாறு. உச்சி மாடித் தூண்களுக்கு 12.8, அடுத்து 20, அப்புறம் 23.2, தரைமாடித் தூண்களுக்கு முழு 24 டன்.

அந்தத் தூண்களுக்கு நடுவே சுவரே எழுப்பாமல் கார் நிறுத்த விட்டால்? 2001 பூஜ் நிலநடுக்கத்தில் அகமதாபாத்தில் இப்படிக் கட்டிய பல அடுக்குமாடிகள் தரைமாடி நொறுங்கி உட்கார்ந்துவிட்டன. இப்படித் திறந்த தரைமாடி வைப்பவர்கள் அங்கே கான்கிரீட் சுவர்களோ குறுக்குச் சட்டங்களோ சேர்க்க வேண்டும் என்கிறது 2016 பதிப்பு.