மருத்துவரிடம் வீசிய மது வாடை

ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு 1934இல் வெளியிட்ட ‘டெண்டர் இஸ் த நைட்’ நாவலின் நாயகன் டிக் டைவர் ஒரு மனநல மருத்துவர். சுவிட்சர்லாந்தில் அவர் கூட்டாக நடத்தும் மருத்துவமனைக்குக் கோபத்தோடு வருகிறார் ஒரு தந்தை. குடிப்பழக்கத்துக்காக இங்கே சேர்த்த மகனை உடனே அழைத்துப்போக வேண்டுமாம். டாக்டரிடமே மது வாடை வீசுகிறது என்று அந்த மகன் சொல்லியிருக்கிறான்.

அதற்குப் பிறகு டைவர் செய்வதுதான் என்னைப் போல மனநல ஆலோசனைத் தொழிலில் இருப்பவர்களைச் சுடும். மேசையில் உட்கார்ந்து, மருந்துச் சீட்டு எழுதுவதைப் போல, குடியைப் பாதியாகக் குறைக்கும் திட்டமொன்றைத் தனக்குத் தானே எழுதிக்கொள்கிறார். ஏன் குடிக்கிறோம் என்ற கேள்விக்கு அந்தச் சீட்டில் இடமில்லை.

காரணம் வீட்டிலேயே இருக்கிறது. மனைவி நிக்கோல் ஒருகாலத்தில் அவருடைய நோயாளி. வேண்டாம் என்று மூத்த மருத்துவர்கள் எச்சரித்தும் மணந்துகொண்டார். வீட்டிலும் அவர் மருத்துவர்தான். சாய்ந்து அழ அவருக்கென்று ஒரு தோள் இல்லை. கடைசியில் நிக்கோல் தேறிவிடுகிறாள், விலகியும் போகிறாள்.

‘ஊருக்குத்தான் உபதேசம்’ என்று அவரை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அடுத்தவர் துயரத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் வரை நம் வீட்டுத் துயரம் காதில் விழாது. மணவாழ்க்கை முறியும் தறுவாயில் ஞாயிற்றுக்கிழமையும் ஆட்களைப் பார்க்கும் ஆலோசகர்களை நான் அறிவேன். வெளியே அதற்கு அர்ப்பணிப்பு என்று பெயர்! பேசவைத்து ஆழ்மனத்தை ஆராயும் உளப்பகுப்பாய்வாளர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது தாங்களே பகுப்பாய்வுக்கு உட்பட வேண்டும் என்று, அந்த முறையை உருவாக்கிய ஃபிராய்டு 1937இலேயே எழுதிவிட்டார். ஆலோசகர்களான நம்மில் பலர் பயிற்சி முடிந்ததும், நம் வேலையைக் கலந்து பேச இருக்கும் மூத்த ஆலோசகரான மேற்பார்வையாளரைப் பார்ப்பதையே விட்டுவிடுகிறோம்.

ஆலோசனைக்குப் போகிறவர்களும் கவனிக்கலாம். உங்களுக்கான நேரத்தில் ஆலோசகர் தன் குடும்பச் சண்டையைச் சொல்லத் தொடங்குகிறாரா? இரவில் நண்பரைப் போல அழைக்கிறாரா? நீங்கள் தேறிவருவது அவருக்கு உறுத்துகிறதா? அவரைத் தேற்றும் பொறுப்பு உங்களுடையது அல்ல. தயங்காமல் வேறொருவரைத் தேடுங்கள். சிக்கலான நேரத்தில் யாரிடம் கலந்து பேசுவீர்கள் என்று முதல் சந்திப்பிலேயே அவரிடம் கேட்கலாம், அதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, அப்படி ஒருவர் இருந்தால் போதும்.