மூன்று பேரைத் தவிர யாரையும் தெரியாது

பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்த அல்ஜீரிய தேசிய விடுதலை முன்னணி, தலைநகர் அல்ஜியர்ஸின் பழைய நகரான கஸ்பாவில் ஒரு ரகசிய அமைப்பை வளர்த்தது. அடிப்படை எளிது. ஒருவருக்குத் தனக்கு மேலே ஒருவரைத் தெரியும், கீழே இருவரைத் தெரியும், அவ்வளவுதான். தலைவரையும் சேர்த்துப் பத்து அடுக்கு என்றால் 1,023 பேர். ஆனாலும் பிடிபட்டவரால் மூன்று பேரைத்தான் காட்டிக்கொடுக்க முடியும். குண்டு வைக்கும் பிரிவு இதிலும் ஒட்டாமல் தலைமையோடு மட்டும் தொடர்பு வைத்திருந்தது.

1956 ஆகஸ்டில் அல்ஜீரியாவில் குடியேறியிருந்த ஐரோப்பியத் தீவிரவாதிகள் கஸ்பாவின் தீப்ஸ் தெருவில் வைத்த குண்டுக்குப் பல குடும்பங்கள் பலியாயின. செப்டம்பர் 30-ல் மில்க் பார், காஃபிடீரியா என்ற இரு கடைகளில் முன்னணியின் குண்டுகள் வெடித்தன. அங்கிருந்தவர்கள் சாதாரண மக்கள், குழந்தைகளும் உண்டு. விடுதலைக்காக என்பதால் அந்தக் கொடுமை குறைந்துவிடாது.

1957 ஜனவரியில் நகரின் காவல் பொறுப்பு பிரெஞ்சுத் தளபதி மசுவின் 10-வது பாராசூட் டிவிஷனிடம் போனது. முன்னணியின் இந்த வலைக்கு உயிர்நாடி நேரம்தான். ஒருவர் பிடிபட்ட செய்தி பரவ சில மணி நேரம் கிடைத்தால் போதும், அந்த மூவரும் இடம் மாறிவிடுவார்கள், வலை அங்கேயே அறுந்துவிடும். அந்த நேரத்தைத்தான் ராணுவம் பறித்தது. கர்னல் திரான்கியே நகரைப் பகுதி, தொகுதி, வீடு என்று பிரித்து எண் போட்டார். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் காணோம் என்பதற்குப் பதில் சொல்ல ஆளும் நியமித்தார். கைது பெரும்பாலும் ஊரடங்கு இரவில். அப்புறம் சித்திரவதை: களத் தொலைபேசியின் கைச்சுற்று ஜெனரேட்டரிலிருந்து கம்பி இழுத்து உடம்பில் மின்சாரம் பாய்ச்சினார்கள். கறந்த பெயர்கள் ஒரு வரைபடத்தில் ஏறின. அடுக்கடுக்காக மேலே போனார்கள்.

அக்டோபர் 8-ல் முன்னணியின் கடைசித் தலைவர்களில் ஒருவரான அலி லா பொயிந்த் ஒளிந்திருந்த வீட்டை வெடிவைத்துத் தகர்த்ததோடு அமைப்பு முடிந்தது. ஆனால் அந்த வரைபடத்தில் ஏறாத ஒரு கணக்கும் உண்டு. காவல்துறைப் பொறுப்பிலிருந்த பால் தெத்ஜென், ஒரு காலத்தில் நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோவிடம் தானே வதைபட்டவர்; அதே தழும்புகளைக் கைதிகளின் உடம்பில் பார்த்ததாக எழுதிவிட்டு, பதவியை விட்டு விலகினார். கைதாகி, பிறகு காணாமல் போனவர்கள் 3,024 பேர் என்பது அவர் கணக்கு. அப்படிக் காணாமல் போன கணித ஆசிரியர் மோரிஸ் ஓதானின் சாவுக்கு அரசே பொறுப்பு என்று பிரான்ஸ் ஒப்புக்கொண்டது 2018-ல்தான்.

வலை அழிந்தது, கோபம் அழியவில்லை. ராணுவம் பிடித்தது அமைப்பை மட்டும்தான். பிடித்த விதமோ எந்த அமைப்பிலும் இல்லாத குடும்பங்களைக்கூட எதிரிகளாக்கியது. 1960 டிசம்பரில் அல்ஜியர்ஸ் மக்கள் கொடியோடு வெளிப்படையாகவே தெருவில் இறங்கினார்கள். 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது.